நூற்றெட்டாவது சுற்று

பூந்துறைப்பாக்கம் கரைகாத்த பெருமாள் கோயிலின் பிராகாரத்தை ஒரு தடவை வலம் வர 1951-இல் ஆறு நிமிஷம் ஆனது. 1954-இல் அரை மணி நேரம் ஆனது. 1957 பிறந்தபோது ஒரு முழுப் பகல், 1959 தொடக்கத்தில் பதினைந்து நாள். இத்தனை வருஷத்தில் வெளி மதில் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. வடக்கு மதிலில் சாய்த்து அப்துல் சுபஹான் கட்டியிருந்த குதிரைக் கொட்டிலும் இருந்த இடத்திலேயே இருந்தது. வெளியே நின்று பார்த்தால் எண்ணூறு அடிச் சுற்றளவுள்ள சின்னக் கோயில்தான். உள்ளே வலம் போனவர்களுக்கு மட்டும் தூரம் கூடிக்கொண்டே வந்தது.

செய்யூரிலிருந்து கடப்பாக்கம் போகிற வழியில் சவுக்குத் தோப்புகளைத் தாண்டினால் இந்த ஊர். கோயிலைக் கட்டியது யார் என்பதில் மூன்று கட்சி உண்டு. மாமல்லபுரத்துக்குக் கல் ஏற்றிப் போன படகு ஒன்று இங்கே தரைதட்டியது, இறக்கிய கல்லைத் திரும்ப ஏற்ற முடியாமல் அங்கேயே கட்டிவிட்டார்கள், ஆகவே பல்லவர் கோயில் என்பது முதல் கட்சி. இல்லை, வடக்கேயிருந்து வந்த நாயக்கர் ஒருவர் கட்டியது என்பது இரண்டாவது. கோயில் முன்பே இருந்தது, ஊரைத்தான் பின்னால் கட்டினார்கள் என்று சொல்லி மூன்றாவது கட்சி பேச்சை முடித்துவிடும். தெற்குச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. விளக்கெரிக்கத் தொண்ணூற்றாறு ஆடு கொடுத்ததாக வாசிக்கலாம். கொடுத்த புண்ணியவான் பெயர் இருக்கும் இடத்தில் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். ஆலம்பரைக் கோட்டையில் ஆள் இருந்த காலத்தில் அங்கிருந்த அதிகாரி ஒருவர் ஒரு மணி கொடுத்தார் என்றும், பெரும்புயலில் ராஜகோபுர வாசல் வரை ஏறிய கடல் பெருமாளைப் பார்த்துவிட்டு இறங்கிப்போனது என்றும் சொல்வார்கள். அதன் பிறகு பல தலைமுறைக்கு இந்தக் கோயிலில் எழுதிவைக்கும்படி ஒன்றும் நடக்கவில்லை.

அந்த நாளில் சேவிக்க வருகிறவர்கள் செங்கல்பட்டிலிருந்து காலை பஸ்ஸில் செய்யூர் வந்து, அங்கே சுபஹானின் ஜட்காவில் ஏறுவார்கள். சுபஹான் கடப்பாக்கத்துக்காரர், பேச்சுக்காரர். வழியெல்லாம் கோயில் வரலாற்றின் மூன்று கட்சியையும் பாரபட்சமில்லாமல் எடுத்துச் சொல்லி, வாசலில் இறக்கிவிட்டு, குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். வந்தவர்கள் குளத்தில் கால் கழுவிக்கொண்டு உள்ளே போவார்கள். ராஜாராம பட்டர் கற்பூரத்தைத் தூக்கிக் காட்டி, பெருமாளின் இடது பாதம் மட்டும் ஓர் அடி முன்னால் இருப்பதைப் பார்க்கச் சொல்வார். தீர்த்தம், துளசி, சடாரி எல்லாம் ஆகி, மடைப்பள்ளி வாசலில் மந்தாரை இலையில் புளியோதரை வாங்கிக்கொண்டு, கொடிமரத்திலிருந்து தெற்கே திரும்பிப் பிராகாரம் சுற்றி, கொடிமரத்தடியில் விழுந்து சேவித்துவிட்டுப் போவார்கள். மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

தூரம் கூடுவதை முதலில் கண்டது பக்தர்கள் இல்லை. 1952 கார்த்திகையில், பிராகாரத்து மாடங்களில் விளக்கு வைக்கிறவர் எண்ணெய் போதவில்லை என்றார். திருடுகிறார் என்று முடிவுகட்டி அவரை நிறுத்தினார்கள். புதிதாக வந்தவருக்கும் போதவில்லை. அவரையும் நிறுத்தப் போனபோதுதான், மேற்குப் பக்கத்தில் பதினொன்றாக இருந்த மாடம் பதினேழாகியிருப்பதை யாரோ எண்ணிச் சொன்னார்கள். எல்லாம் ஒரே மாதிரி பழைய மாடங்கள், ஒரே மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு. முதல் விளக்குக்காரரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் ரோஷக்காரர், வரவில்லை.

வேறு ஊராக இருந்தால் தண்டோரா போட்டிருப்பார்கள். இங்கே ஆள்கள் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகக் கோயிலுக்குக் கிளம்பினார்கள், அவ்வளவுதான். 1955-இல் பிராகாரத்துக்குள் ஒரு கிணறு வந்தது, பிறகு ஒரு நந்தவனம். மேற்கு மூலையில் ஓரிடத்தில் மதில் தாழ்ந்து கடல் தெரிந்தது. கடல் கோயிலுக்குக் கிழக்கே இருப்பதால் அதை மட்டும் சிலர் நம்ப மறுத்தார்கள். செங்கல்பட்டுப் பள்ளிக்கூடம் ஒன்று பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிவந்தது. பிள்ளைகள் காலையில் வரிசையாகப் போய் இருட்டும் நேரத்தில் வரிசையாக வந்தார்கள். வாத்தியார் தலையை எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. வலம் போனவர்களுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு சுபஹான் சவுக்குக் கழி நட்டு, பனையோலை வேய்ந்து ஒரு கொட்டகை போட்டு, டீயும் சோடாவும் விற்கத் தொடங்கினார். ஜட்காவைவிட இது தேவலை என்று அவரே சொன்னார்.

இதில் நிஜமாக அகப்பட்டுக்கொண்டவள் ஒருத்திதான். மடைப்பள்ளியில் தளிகை பண்ணும் ராமானுஜத்தின் மனைவி சுந்தரவல்லி.

1952 ஆவணியில் அவர்களுடைய ஒரே மகள் ருக்மிணிக்கு டைபாய்டு வந்தது. ஐந்து வயது. இருபத்தோராம் நாள், செய்யூர் டாக்டர் கொடுத்த மாத்திரையும் உள்ளே போகாமல் குழந்தை கண்ணைச் செருகியபோது, ராமானுஜம் மடைப்பள்ளியிலிருந்து ஈர வேட்டியோடு ஓடி, பெருமாள் எதிரில் நின்று, கையில் தீர்த்தத்தை வாங்கிக்கொண்டு சொன்னார்: "குழந்தை பிழைச்சா என் ஆத்துக்காரி நூத்தெட்டு அடிப்பிரதட்சிணம் பண்ணுவா." சொல்லிவிட்டுத் தீர்த்தத்தைக் குடித்தார். சாயங்காலம் ஜுரம் இறங்கியது. வேண்டுதலைத் தன் காலை வைத்து வேண்டாமல் பெண்டாட்டி காலை வைத்து வேண்டிக்கொள்வது நம் பக்கத்து ஆண்களிடம் பழக்கமாகவே போய்விட்டது. மொட்டை என்றால் பிள்ளை தலை, விரதம் என்றால் அவள் வயிறு. ராமானுஜத்தைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யோசிக்க நேரமில்லாதபோது எது வாயில் வந்ததோ அது வந்தது.

சுந்தரவல்லி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "உங்க காலுக்கு என்ன வந்தது?" என்றாள்.

"மடைப்பள்ளியை யார் பாத்துப்பா?" என்றார் அவர்.

அடிப்பிரதட்சிணம் என்றால் ஒரு காலின் விரல் நுனியில் அடுத்த காலின் குதிகாலை ஒட்டி வைத்து நடப்பது. இந்தக் கோயிலில் அதற்குக் கண்டிப்பு அதிகம். ஒவ்வோர் அடிக்கும் ஒரு நாமம் சொல்லி முடித்த பிறகே அடுத்த அடி. உச்சிக்காலம் ஆனதும் நின்றுவிட வேண்டும். சுற்று முடியாவிட்டால் அங்கேயே தங்கி, மறுநாள் காலை அதே இடத்திலிருந்து தொடர வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. அடி ஒன்று அகன்றாலும் வேண்டுதல் முறிந்துபோகும். யார் பேரைச் சொல்லி வேண்டினார்களோ அவர்தான் நடக்க வேண்டும். ராஜாராம பட்டரிடம் ராமானுஜம் பின்னால் இருபது தடவையாவது போய் மாற்று வழி கேட்டார். பட்டர் நல்லவர். தேடிப் பார்த்து, தேடிப் பார்த்து, இல்லை என்றார்.

அவள் 1953 தை மாதம் தொடங்கினாள், சனிக்கிழமைக்கு ஒரு சுற்று. முதல் சுற்று இரண்டு மணி நேரத்தில் முடிந்தது, அதே வேகத்தில் போனால் இரண்டு வருஷ வேலை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் பிராகாரம் கொஞ்சம் கூடியிருந்தது. 1954 ஐப்பசி மழையில் மூன்று சனிக்கிழமை அவள் போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் ருக்மிணிக்கு ஜுரம் நூற்றிரண்டு. மழையில் நனைந்த குழந்தைக்கு ஜுரம் வராதா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. மறுநாள் விடிந்ததும் சுந்தரவல்லி நடக்கப் போனாள். ஜுரம் விட்டது. அதோடு நிறுத்துவது என்ற பேச்சே அந்த வீட்டில் நின்றுபோனது. தொண்ணூறாவது சுற்றுக்கு இரண்டு நாள் பிடித்தது, நூறாவதுக்கு எட்டு நாள். தூக்கில் தயிர்சாதமும் ஒரு மாற்றுப் புடவையும் எடுத்துக்கொண்டு போய், பிராகாரத்தோடு கூடவே நீண்டுகொண்டிருந்த நந்தவனத்தில் தங்குவாள். நூற்றேழாவது சுற்று முடித்து 1956 மார்கழிக் கடைசியில் வெளியே வந்தபோது முப்பத்தொரு நாள் ஆகியிருந்தது. ஒரு வாரம் வீட்டில் இருந்து மகளுக்குத் தலை பின்னிவிட்டாள், வடாம் பிழிந்தாள், கிழிந்த பாவாடைகளைத் தைத்தாள். 1957 தை மாதம் எட்டாம் தேதி காலையில் நூற்றெட்டாவது சுற்றுக்கு, பச்சைப் புடவையில், கொடிமரத்திலிருந்து தெற்கே திரும்பினாள். ராமானுஜம் பானையை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். போய்வருகிறேன் என்று அவள் சொன்னதைக் கேட்டாரா, கேட்கவில்லையா என்பது அவருக்கே பிற்பாடு நினைவில்லை.

முப்பது நாள், நாற்பது நாள் ஆயிற்று. வலம் போனவர்கள் அவளை வழியில் தாண்டி வந்து, மாமி நன்றாகத்தான் இருக்கிறாள், நடக்கிறாள் என்றார்கள். அறுபதாம் நாள் ராமானுஜம் மடைப்பள்ளியை வேறொருவரிடம் விட்டுவிட்டுத் தாமே கிளம்பினார். வேகமாக நடக்கிறவர் அடி அடியாக வைக்கிறவளைப் பிடித்துவிட வேண்டியதுதானே. பிடிக்க முடியவில்லை. ஒரு மூலை திரும்பும்போது அடுத்த மூலையில் பச்சைப் புடவையின் முதுகு தெரியும். ஓடினார், மூலை வந்தது, புடவை அதற்கடுத்த மூலையில் தெரிந்தது. பின்னால் வந்த வளையல் வியாபாரி ஒருவர் ராமானுஜத்தை முந்திக்கொண்டு போய், சுந்தரவல்லியோடு நின்று பேசிவிட்டும் போனார். ராமானுஜம் மட்டும் அவளைத் தாண்டாமலே கொடிமரத்தடிக்கு வந்து சேர்ந்தார். மூன்று தடவை போனார், மூன்று தடவையும் இப்படித்தான். கடைசித் தடவை "சுந்தரா" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் கூப்பிட்டது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை யாரோ தன்னைக் கூப்பிட்டது காதில் விழுந்ததாகவும், திரும்பிப் பார்க்கக் கூடாதாகையால் பார்க்கவில்லை என்றும் அவள் சொன்னதாக ஆள்கள் வந்து சொன்னார்கள்.

கொட்டகையில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்து சுபஹானுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சாமி, இதுக்குப் போய் இம்மாம் பேஜாரு? தெக்கால பூந்து போறதுனாலதான அம்மா முன்னால போய்க்கினே கீறாங்க? வடக்கால பூந்து போ. எதுர்ல வந்துகினு இருப்பாங்க. கையப் புட்ச்சி இட்டுகினு வா" என்றார்.

ஊரில் இத்தனை பேருக்கு இது தோன்றாததற்குக் காரணம் உண்டு. இடம்வருவது சாவு வீட்டில் செய்வது. உயிரோடு இருக்கிற பெண்டாட்டிக்காக அதை யார் செய்வார்கள்? பட்டர் காதைப் பொத்திக்கொண்டார். ராமானுஜம் பதினோரு நாள் யோசித்தார். பன்னிரண்டாம் நாள் காலை, பட்டர் திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போன சமயம் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு கொடிமரத்திலிருந்து வடக்கே திரும்பி நடந்தார். வடக்குப் பக்கம், மேற்குப் பக்கம், தெற்குப் பக்கம். ஆறு நிமிஷத்தில் கொடிமரத்தடியில் இருந்தார். அந்தப் பக்கமாகப் போனால் பிராகாரம் பழைய அளவிலேயே இருந்தது. மேற்கில் பதினொரு மாடம், கிணறும் இல்லை, நந்தவனமும் இல்லை, கடலும் தெரியவில்லை. யாரும் எதிரே வரவில்லை. அன்று காலை அவளைத் தேடிக்கொண்டு இன்னும் எட்டு தடவை சுற்றினார். பட்டர் வந்து பார்த்துவிட்டு, கையைப் பிடித்து மடைப்பள்ளியில் கொண்டுபோய் உட்காரவைத்தார். பிராயச்சித்தத்துக்கு ஒரு குடம் பால் ஆனது.

அந்த வருஷம் ஆனியில் செங்கல்பட்டிலிருந்து சர்வேயர் மோசஸும் சங்கிலி பிடிக்கும் துரையும் கோயிலை அளக்க வந்தார்கள். மோசஸ் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். உள்ளே வரக் கூடாதென்று அவரே சொல்லிக்கொண்டு கொடிமரத்துக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துரை சங்கிலியோடு போனார். இரண்டு சுற்று போய்வந்தார், இடையில் ஒரு முழுநாள் சுந்தரவல்லி பக்கத்திலேயே நடந்து அவள் நடையையும் அளந்தார். மதிலுக்கு வெளியே அளந்ததை ஒரு தாளிலும் உள்ளே அளந்ததை இன்னொரு தாளிலும் எழுதி, இரண்டும் ஒரே கோயில் என்று எங்கேயும் குறிப்பிடாமல் மோசஸ் வேலையை முடித்தார். ஆனால் போகும் முன் கொட்டகைக்கு வந்து ராமானுஜத்தின் எதிரில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"சாமி, மனசத் தேத்திக்கணும். பிராகாரம் ஒரு நாளைக்கு எழுநூறு கஜம் வளந்துகினு கீது. அம்மா உச்சிக்குள்ள நடக்கிறது அறுநூறு கஜம். ஒரு அடி கொறையாம நடக்கிறாங்க, துரை பாத்துட்டான். ஆனா தெனம் நூறு கஜம் எட்டப் போய்க்கினே இருக்காங்க."

ராமானுஜம் கணக்கில் பலவீனம். இருந்தாலும் இது புரிந்தது. "அவளுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். துரை தலையை ஆட்டினார், தாம் சொல்லவில்லை என்று. அன்றிலிருந்து வலம் கிளம்பும் ஒவ்வொருவரிடமும் ஒரு புளியோதரைப் பொட்டலத்தைக் கொடுத்து, வழியில் பச்சைப் புடவை கட்டிய மாமியைப் பார்த்தால் கொடுங்கோ, இந்தக் கணக்கை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதேங்கோ என்று கையெடுத்துக் கும்பிடுவார். வாரத்துக்கு மூன்று நான்கு பேர் போவார்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஆவி பறந்தது என்று வந்து சொல்வார்கள். பொட்டலம் வராத நாளில் அவள் துளசித் தீர்த்தத்தோடு நிறுத்திக்கொண்டாள். பட்டருக்கு வேறொரு சங்கடம் இருந்தது, வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை. கிளம்பிய நாளிலிருந்து அவளுக்கு மாதாமாதம் வருவது நின்றுவிட்டது என்று வழியில் பேசிய பெண்கள் பட்டர் மனைவியிடம் சொன்னதும் அவர் பெருமூச்சு விட்டார்.

ஒரே ஒரு தடவை ராமானுஜம் துணிந்தார். 1957 ஐப்பசியில், கடப்பாக்கத்துக் கன்னியம்மா என்ற மீன்காரம்மா வலம் கிளம்பியபோது, "வேண்டுதல் போனாப் போறது, சாதாரணமா நடந்து ஆத்துக்கு வந்துடச் சொல்லுங்கோ" என்று சொல்லி அனுப்பினார். சாதாரணமாக நடந்தால் இரண்டு நாளில் வந்துவிடலாம். கன்னியம்மா தென்மூலை திரும்பி மறைந்தாள். ராமானுஜம் வீட்டுக்கு வந்தார். ருக்மிணி கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தாள். போகிற போக்கில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுடவில்லை. மறுபடி தொட்டார். பிறகு விழுந்தடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடி, கொடிமரத்தடியில் நின்று, "வேண்டாம், சொல்லாதேங்கோ" என்று கத்தினார். அவர் குரல் எப்போது போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த ஆறு நாள் அவர் தூங்கவில்லை, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குழந்தையின் நெற்றியைத் தொட்டார், அவள் எரிச்சலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். ஏழாம் நாள் கன்னியம்மா வந்தாள்.

"சொன்னேன் சாமி. 'ருக்குவுக்கு ஜுரம் வந்தா யாரு பாத்துப்பா'னு கேட்டுச்சு. அப்பால அடி எடுத்து வெச்சி நடந்துச்சு" என்றாள்.

ராமானுஜத்துக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காகத் தம்மையே வெறுத்தார். இதற்குமேல் அவர் யாரிடமும் வழி கேட்கவில்லை.

இப்படியே இரண்டு வருஷம் போனது. ருக்மிணிக்குப் பன்னிரண்டு வயசு. தலையைத் தானே பின்னிக்கொண்டாள், கோணலாக வரும். அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதும் ராமானுஜம் மறுத்ததும் எத்தனை தடவை என்று கணக்கில்லை. போனவள் அங்கேயே நின்றுவிட்டால்? தாய் காலடியை விட்டு வர எந்தக் குழந்தைக்கு மனசு வரும்? ஆனால் இன்னும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ, அவள் பெரியவளாகிவிட்டால் பதினைந்து நாள் சேர்ந்தாற்போல் கோயிலுக்குள் இருக்க முடியாது. பிறகு அம்மாவைப் பார்க்கவே வழியில்லை. பட்டர் மனைவிதான் இதை எடுத்துச் சொன்னாள். 1959 மாசியில் திருப்போரூரிலிருந்து மூன்று பெண்கள் வலம் வந்தபோது, மகளை அவர்களோடு அனுப்பிவைத்தார். பாதி வழிக்கு மேல் அம்மா இருப்பாள், பார்த்துவிட்டு நேராக வந்துவிட வேண்டும் என்றார். அவள் தென்மூலையில் திரும்பும்போது கையாட்டினாள். அவர் கையில் கரண்டி இருந்தது. அதை ஆட்டினார்.

பதினைந்தாம் நாள் திருப்போரூர்ப் பெண்கள் மூன்று பேரும் வந்தார்கள். ருக்மிணி வரவில்லை. அம்மாவோடு நடக்கிறாள் என்றார்கள். ராமானுஜம் வடக்குப் பக்கத்து வாயிலில் உள்ள தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். தளிகை நேரத்துக்கு மட்டும் எழுந்து போவார், வந்து திரும்ப உட்காருவார். சுபஹான் டீ கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார். அந்த நாலு நாளில் அவர் தலை முழுக்க நரைத்தது. அது ஒன்றும் அதிசயம் இல்லை, ஏற்கெனவே பாதி நரை. பத்தொன்பதாம் நாள் உச்சிக்கால மணி அடித்துக்கொண்டிருக்கும்போது ருக்மிணி வடமூலையில் திரும்பி வந்தாள். கறுத்திருந்தாள், கால் விரல்களில் கொப்புளம். தலை இரட்டைப் பின்னலாக, வகிடு நேராக, இறுக்கிப் பின்னியிருந்தது.

அவர் அவளைக் கட்டிக்கொண்டார். அவள்தான் பேசினாள். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் இளைத்திருக்கிறாள். நாலு நாள் அம்மா பக்கத்தில் அவளும் அடியடியாக நடந்தாள், அம்மா நாமம் சொல்லச் சொல்ல இவளும் சொன்னாள். உச்சிக்காலம் ஆன பிறகு நந்தவனத்தில் உட்கார்ந்து நிறையப் பேசினார்கள். ஐந்தாம் நாள் காலை, இனிமேல் நீ உன் நடையில் போ என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"அவகிட்ட நீ கணக்கு ஒண்ணும் சொல்லலையே?" என்றார் ராமானுஜம்.

"அம்மாவுக்குத் தெரியும்பா. முதல் வருஷமே மாடத்தை எண்ணிக் கண்டுபிடிச்சுட்டாளாம். நீ தாங்க மாட்டேன்னு, உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு வரவா போறவா எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கா."

இரண்டு வருஷமாக வலம் வந்த அத்தனை பேரும் இரண்டு பக்கத்து ரகசியத்தையும் காப்பாற்றியிருக்கிறார்கள். வளையல் வியாபாரி, கன்னியம்மா, துரை, பெயர் தெரியாத எத்தனையோ பேர். ராமானுஜம் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வேறென்ன சொன்னாள் என்று கேட்டார்.

ருக்மிணி யோசித்தாள். "வேற ஒண்ணும் இல்லே. புளியோதரைல உப்பு போறலையாம். ரொம்ப நாளா."

மடைப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர் ருசி பார்க்கக் கூடாது. மோந்து பார்ப்பதும் கூடாது. பெருமாள் அமுது செய்வதற்கு முன்னால் எவர் நாக்கிலும் படக் கூடாது. எல்லாம் கைப்பிடி அளவுதான். அமுது செய்த பிறகு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள், பெருமாள் பிரசாதத்தைக் குறை சொன்னால் பாவம் என்று வாய் திறக்க மாட்டார்கள். ராமானுஜமோ அவள் போன பிறகு புளியோதரையைத் தொடுவதில்லை. அவருக்கு வயசாகிக் கை சுருங்கி, பிடி சின்னதாகிக்கொண்டு வந்திருக்கிறது. அதை அவரிடம் சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். கல்யாணமான நாளிலிருந்து மத்தியானம் பிரசாதத்தை வாயில் போட்டதும், இன்னிக்கு உப்பு தூக்கல், இன்னிக்குக் கம்மி என்று அவள் சொல்லி, அவர் கோபித்துக்கொள்வார். அன்று ராமானுஜம் மடைப்பள்ளியில் உப்பு மரவையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார். தீர்த்தக் குடத்தோடு வந்த பட்டர் அப்படியே திரும்பிப் போனார்.

மறுநாள் ஒரு பிடிக்கு மேல் இன்னும் கால் பிடி போட்டார். பட்டர் திரையை இழுத்துப் பெருமாளுக்குக் காட்டி, மணி அடித்து, வெளியே கொண்டுவந்தார். செங்கல்பட்டு பஸ்ஸில் வந்திருந்த கணவனும் மனைவியும் வலம் கிளம்பினார்கள். அவர்களிடம் பொட்டலத்தைக் கொடுத்து, பச்சைப் புடவை, வடக்குப் பக்கத்தில் இருப்பாள் என்றார். கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார். அவர்கள் வெளியே வரப் பதினாறு நாள் ஆகும். அதுவரை அவர் தினமும் அதே அளவைப் போட்டார்.